வழிகாட்டி இல்லாமல் திருகோணமலை: எங்கே தொடங்குவது, எப்படி நடப்பது?

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவோடு திருகோணமலைக்கு வருகிறோம், இரண்டு நாள் தங்கல். வான் பிடித்து ஓடி ஓடிப் பார்ப்பதில் விருப்பமில்லை, வழிகாட்டியும் வேண்டாம். நடந்தே ஊரைப் பார்க்கலாமா? எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது? அம்மாவுக்கு கொஞ்சம் மூட்டு வலி உண்டு."

பார்க்கலாம் தம்பி. நடந்தால்தான் பார்க்கலாம் என்றே சொல்வேன். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் செய்வது இதுதான்: வானில் நேரே கோணேசர் கோயிலடிக்குப் போவார்கள், கும்பிடுவார்கள், இராவணன் வெட்டில் நின்று படம் எடுப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், இறங்கி நிலாவெளிக் கடற்கரைக்கோ கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கோ போய்விடுவார்கள். வழியில் கோட்டை வாசலை வாகனம் கடக்க ஐந்து விநாடி போதும். ஊரின் கதையில் பாதி அந்த வாசலில்தான் கிடக்கிறது. அதை வான் கண்ணாடி வழியாகப் படிக்க முடியாது.

முதலில் ஊரின் கிடையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நகரம் தண்ணீருக்குள் நீட்டிய ஒரு நிலத்துண்டு. கிழக்கே திறந்த கடல். அதற்குள் மூக்குப் போல நீண்டு நிற்பது கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை. அதைச் சுற்றித்தான் கோட்டை. கோட்டைக்கு வடக்கே திருக்கடலூர்ப் பக்கம் பேக் பே. தெற்கே நகர மைதானத்தை ஒட்டி வளைந்து கிடப்பது டச் பே. நகரத்துக்கு மேற்கே உட்துறைமுகம், நாலாபக்கமும் மலை அணைத்த ஆழமான தண்ணீர். அதனால் இந்த ஊரில் சூரியன் கடலில் எழுவதையும் தண்ணீருக்கு மேல் மறைவதையும் ஒரே நாளில், பஸ் ஏறாமல் பார்க்கலாம். காலை நடை கோட்டைக்கு, மாலை நடை நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் என்று பிரித்துக்கொள்வது இதனால்தான். நடுப்பகலில் எங்கும் நடக்காதீர்கள், வெயில் அப்படி.

இன்னொரு யோசனை. பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் எழுதி ஒவ்வொன்றாய்க் கோடு போட்டுக்கொண்டு போனால் களைப்புத்தான் மிஞ்சும். ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நடங்கள். திருகோணமலைக்கு நான் தரும் கேள்வி: பழைய கோணேசர் கோயிலின் கல் எங்கே போனது? இந்த ஒன்றைத் தேடிப் போனாலே கோட்டை, கடல், மலை, ஒல்லாந்தர் தூண், இன்றைய கோயில் எல்லாம் வரிசையாய் வந்து நிற்கும்.

கதை சுருக்கமாக இது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமா மலையமர்ந் தாரே" என்று பாடிய கோயில் இந்த மலையில் இருந்தது. 1620களின் தொடக்கத்தில், கொன்ஸ்தந்தீனு டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதியின் காலத்தில், அது இடிக்கப்பட்டது. சித்திரைப் புத்தாண்டன்று சுவாமி நகர்வலம் போயிருந்த வேளையில் படையினர் ஐயர் வேடத்தில் கோயிலுக்குள் புகுந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அது செவிவழிக் கதை. இடித்த கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள் என்பது கதை இல்லை. கோட்டைச் சுவரே சாட்சி.

காலை ஐந்தரைக்கெல்லாம் அறையை விட்டுக் கிளம்புங்கள். நகரத்துக்குள் தங்கினால் கோட்டை வாசல் எட்டும் தூரம்தான். மைதானத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் வாசல் நேரே தெரியும். உள்ளே இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களைத் தடுப்பதில்லை. பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள். சிப்பாய்களையும் முகாம் கட்டடங்களையும் படம் எடுக்க வேண்டாம்.

வாசலுக்குள் விறுவிறென்று நுழைந்துவிடாதீர்கள். சுரங்கம் போன்ற தடித்த வாசல் அது. ஓரமாய் ஒதுங்கி நின்று, வாகனம் வராத வேளை பார்த்து, வாயிற் கற்களை ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். ஒரு கல்லில் இரட்டைக் கயல் பொறித்திருக்கும். பாண்டியர் சின்னம். ஐரோப்பியன் கட்டிய கோட்டையின் வாசலில் பாண்டியன் மீனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு ஒரே விடைதான்: கல் வேறிடத்தில் இருந்து வந்தது. மீனோடு சில தமிழ் எழுத்துகளும் உண்டு. வரி முழுதாக இல்லை; ஓரங்கள் போய், தேய்ந்து, துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கின்றன. காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது விரலால் தடவிப் பார்த்தால் குழி பிடிபடும். ஊரில் அதை நிரப்பிப் பாடும் பாட்டு "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் கட்டிய கோயிலைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான், அவனுக்குப் பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று ஒவ்வொருவராய் வருவார்கள் என்று போகும் அந்த வெண்பா. யார் பூனைக்கண், யார் செங்கண் என்பதில் ஊருக்குள் ஆளுக்கொரு கருத்து. தேநீர்க் கடையில் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் போய்விடும்.

இதை முன்கூட்டியே எழுதிய தீர்க்கதரிசனம் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பறங்கி என்ற பேச்சு கல்லிலேயே இருப்பதால், பறங்கி இந்தக் கடலுக்கு வந்த பிறகு எழுந்த எழுத்து அது என்று கொள்வதே பொருத்தம். அதனால் அதன் மதிப்புக் குறையவில்லை. வரப்போவதை ஒருவர் ஊகித்துக் கல்லில் வெட்டிவைக்க, வந்தவன் அந்தக் கல்லையே பெயர்த்துத் தன் வாசலில் வைத்துக் கட்டிவிட்டான். படிக்கத் தெரியாமல் வைத்தானா, தெரிந்தும் வைத்தானா?

இதே கோட்டையில் கிடைத்த இன்னொரு கல் கிரந்த எழுத்தில், வடமொழியில் இருந்தது. சோடகங்கன் என்பவன் சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், இலங்கைக்கு வந்ததைச் சொல்கிறது. ஆக, இந்த மலையின் கல்லில் பாண்டியர் மீனும் சோடகங்கன் பெயரும் குளக்கோட்டன் பாட்டும் உண்டு.

கோட்டை கைமாறிய வரலாற்றை உள்ளே நடந்துகொண்டே அசைபோடலாம். 1639இல் ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக்காரர் தலைகாட்டிப் போனார்கள். 1782தான் வேடிக்கையான ஆண்டு: ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடம் பறித்தார்கள், ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் ஆங்கிலேயரிடம் பறித்தார், பிறகு சமாதானம் பேசியபோது கோட்டை ஒல்லாந்தரிடமே திரும்பியது. 1795இல் ஆங்கிலேயர் மறுபடி வந்தார்கள், இம்முறை நிலைத்துவிட்டார்கள். 1803இல் யோர்க் கோமகன் பிரெடெரிக்கின் பெயரைக் கோட்டைக்குச் சூட்டினார்கள். அந்தப் பெயர்தான் வரைபடத்தில். ஊரில் அது வெறும் கோட்டை.

உள்ளே பாதை மெல்ல ஏறும். மரநிழல் உண்டு. புள்ளிமான்கள் நிற்கும், கூச்சமில்லாமல் கிட்டவும் வரும். கையில் இருக்கும் பிஸ்கட்டைக் கொடுக்கத் தோன்றும், கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், பொலித்தீன் பையைக் கீழே விடாதீர்கள். உணவு மணத்தோடு கிடக்கும் பையை மான் அப்படியே விழுங்கிவிடும்.

வழியில் வெல்லெஸ்லி இல்லம் என்ற பழைய வீடு வரும். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன், அதற்கு முன்பு வெறும் கேணல் ஆதர் வெல்லெஸ்லியாக 1801 வாக்கில் இங்கே தங்கியிருந்தார். அவர் காய்ச்சலில் படுத்துத் தவறவிட்ட கப்பல் செங்கடல் பயணத்தில் மூழ்கிப்போனது, திருகோணமலைக் காய்ச்சல்தான் அவரைக் காப்பாற்றியது என்று சிலர் ஊருக்குப் பெருமையாகச் சொல்வார்கள். கப்பல் மூழ்கியது உண்மை. ஆனால் அவர் காய்ச்சலில் விழுந்தது இங்கிருந்து பம்பாய்க்குப் போன பிறகு. பெருமையைப் பம்பாய்க்காரருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

வாசலில் இருந்து கோயிலடிக்கு நிதானமாக நடந்தால் இருபது நிமிடம். கடைசிப் பகுதி ஏற்றம். அம்மாவுக்கு முடியாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: வாசல்வரை நடந்து கல்லைப் பாருங்கள், அங்கிருந்து ஓட்டோவில் கோயிலடிக்குப் போங்கள், இறங்கும்போது நடந்து வாருங்கள். ஏறுவதைவிட இறங்கி வரும் வழியில்தான் டச் பேயும் நகரமும் கண்ணுக்குத் தெரியும். மூட்டு வலிக்கு இறக்கமும் சிரமம் என்பது தெரியும். ஆனால் இது படிக்கட்டு இல்லை, தார் போட்ட சரிவு, நின்று நின்று வரலாம்.

கோயிலில் கும்பிடுவது உங்கள் பாடு. நான் சொல்ல வந்தது கல்லைப் பற்றி. இன்று நீங்கள் காணும் கோயில் சுதந்திரத்துக்குப் பின் எழுந்தது. 1950இல் கோட்டைப் பக்கம் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள் இருந்து கிடைத்தன. இடிப்புக்கு முன் யாரோ பத்திரமாகப் புதைத்தவை. ஊரில் எழுந்த உற்சாகம் கோயில் கட்டும் முயற்சியாக மாறியது. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கித் தேடியபோது, செதுக்கிய கற்களும் தூண்களும் கடலடியில் கிடந்ததைக் கண்டார்கள். இலிங்கம் ஒன்றும் மேலே வந்தது. 1963 மார்ச் 3இல் கும்பாபிஷேகம் நடந்தது. நம் கேள்விக்கு விடை இப்போது மூன்று துண்டாகிவிட்டது: கொஞ்சம் கல் கோட்டைச் சுவரில், கொஞ்சம் கடலுக்குள், கொஞ்சம் மறுபடி கோயிலில்.

நான்காவது துண்டு ஒன்றும் உண்டு. கோயிலுக்குப் பக்கத்தில் மலையோரமாக ஒல்லாந்தர் நாட்டிய நினைவுத் தூண் இருக்கிறது. அந்தத் தூணே பழைய கோயில் தூண் என்பார்கள். பிரான்சீனா வான் ரேடே என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் அதோடு சேர்ந்தவை. காதலன் கைவிட்டுக் கப்பலேறிப் போக, அவள் இந்த உச்சியில் இருந்து குதித்தாள் என்று கதை. காதலர் பாய்ச்சல் என்ற பெயரும் அதனால்தான். ஆனால் அவள் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து மணமுடித்ததைப் பழைய ஆவணங்கள் காட்டுகின்றன. கோயில் தூணைப் பிடுங்கி, சாகாத பெண்ணுக்குச் சாவுக் கதை கட்டிய இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் எப்போதும் போக விடுவார்கள் என்று சொல்ல முடியாது. தடுத்தால் வாதாட வேண்டாம்.

மலையின் பிளவுதான் இராவணன் வெட்டு. தாய்க்காக மலையைப் பெயர்க்க முயன்று வாளால் வெட்டினான் என்பது புராணம். எட்டிப் பார்க்கும்போது கைப்பிடிச் சுவரை விட்டு வெளியே போகாதீர்கள், கடல் மிகக் கீழே இருக்கிறது. அருகில் ஓரத்தில் வளர்ந்த மரத்தில் பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் கட்டிய சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் தொங்கும். பச்சை, சிவப்புத் துணி சுற்றியவை. காற்றில் ஒன்றோடொன்று தட்டும். சில வெயிலில் வெளுத்து நிறமே போயிருக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் வந்தால் இந்த இடத்தை விட்டு அவசரப்பட்டு நகராதீர்கள். கடல் தட்டையாய் இருக்கும் காலையில் நீலத் திமிங்கிலம் மூச்சு விடும் நீர்த்தூண் தூரத்தில் தெரிவதுண்டு. கரையில் இருந்தே நீலத் திமிங்கிலம் பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை. இங்கே அதற்குப் படகுக் காசும் இல்லை.

தெற்கே பார்த்தால் எதிர்க்கரை நீளமாய்க் கிடக்கும். அது கொட்டியாரக் குடாவின் கரை, மூதூர்ப் பக்கம். பாய்மரம் பழுதாகி ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலில் இருந்து ரொபேட் நொக்ஸ் என்ற இளைஞன் 1660இல் அங்கேதான் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டான். பத்தொன்பது வருடம் கழித்துத்தான் தப்பினான்.

எட்டரை, ஒன்பதுக்குள் கீழே இறங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு கோயில் வாசற் கல்லில் வெறுங்காலோடு நிற்பது தண்டனை. இறங்கும் வழியில் வடக்குப் பக்கம் பேக் பே கரையில் கரைவலை இழுக்கும் காட்சி கிடைத்தால் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாய்க் கயிற்றைப் பிடித்து ஒரே தாளத்தில் பின்னால் சாய்வார்கள். வலையின் மடி கரைக்கு வர நேரம் எடுக்கும். வந்த பிறகு நெத்தலியும் சூடையும் கிடந்து துடிக்கும், காகங்கள் வலைக்காரச் சம்மாட்டிக்கு முன்னே பங்கு கேட்கும். கிட்டப் போய்ப் பேசலாம். படம் எடுக்க முதல் ஒரு வார்த்தை கேளுங்கள், மறுக்கமாட்டார்கள்.

பிறகு சாப்பாடு. நகரத்துச் சைவக் கடையில் இடியப்பம், சொதி, சம்பல். அறைக்குப் போய் நாலு மணிவரை படுங்கள்.

மாலை நடையைப் பத்திரகாளி அம்மன் கோயிலில் தொடங்குங்கள். மைதானத்துக்குப் பக்கத்தில், கோபுரம் நிறைய உருவங்களோடு நிற்கும், தவறவிட வழியில்லை. நவராத்திரிக் காலத்தில் வந்தால் உங்கள் பயணமே வேறாகிவிடும். திருகோணமலையின் கும்ப விழா வேறெங்கும் இப்படிக் கிடையாது; ஊரெங்கும் கும்பம் வைத்து, இரவில் அலங்கரித்த பெருங்கும்பங்களைத் தூக்கி ஆடிக்கொண்டு வீதிவலம் வருவார்கள். சிவராத்திரியை ஒட்டி வந்தால் கோணேசரே மலையில் இருந்து இறங்கி நகர்வலம் வருவார். வீட்டுக்கு வீடு வாசலில் நிறைகுடம் வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் நடைக்கு வேறு திட்டம் வேண்டாம், சுவாமிக்குப் பின்னால் போங்கள். ஊரின் எல்லாத் தெருவும் பார்த்ததாகிவிடும்.

சாதாரண நாளில், கோயிலில் இருந்து கடற்கரைக்குப் போங்கள். காந்தி சிலைச் சந்தியடியில் குடும்பங்கள் கூடியிருக்கும். பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், கச்சான் வண்டிகள் நிற்கும். 2006 ஜனவரி 2 மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டதும் இதே கடற்கரையில்தான். வெளியூர்க்காரருக்கு யாரும் சுட்டிக்காட்டமாட்டார்கள். ஊர்க்காரர் எவரும் அதை மறந்தும் கடப்பதில்லை. இந்த ஊரை நடந்து பார்க்கிறவர் இதையும் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது.

அங்கிருந்து டொக்யார்ட் வீதி வழியே தெற்கே வாருங்கள். டச் பேயைப் பார்த்தபடி ஒல்லாந்தர் காலத்துப் பெரிய மாளிகை ஒன்று வரும். பிறகு பிரித்தானியக் கடற்படை ஆணையரின் இல்லமாக இருந்தது. பழுதாகிக் கிடந்ததை நெதர்லாந்து உதவியோடு திருத்தி 2013இல் கடல்சார் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்ளே பீரங்கி, நங்கூரம், கப்பல் மாதிரிகள். கட்டடத்தைத்தான் நான் அதிகம் பார்ப்பேன்: தடித்த சுவர், உயர்ந்த கூரை, அகன்ற விறாந்தை. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே எப்படிக் குளிர்கிறது என்று சுவரில் கை வைத்துப் பாருங்கள்.

இதே பகுதியில்தான் பழைய ஆங்கிலேயர் சேமக்காலை. பொதுவாக யாரும் போவதில்லை. கதவு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சாள்ஸ் ஒஸ்ரின் இங்கே அடக்கமாகியிருக்கிறார். கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதியாக இருந்தவர். பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே 1852 ஒக்டோபரில் இறந்தார். அக்கா நாவல்களில் சகோதரரின் கடற்படை வாழ்வை எழுதிவைக்க, தம்பி வந்து படுத்தது நம் ஊர் மண்ணில். இன்னொருவர் பேர்சி மோல்ஸ்வேர்த். கொழும்பில் பிறந்த ஆங்கிலேயப் படைப் பொறியியலாளர், வானியலில் பித்துக் கொண்டவர். திருகோணமலையில் தொலைநோக்கி வைத்து இரவிரவாக வியாழன் கோளை வரைந்து தள்ளினார். வியாழனின் தென்பகுதியில் 1901இல் தோன்றிய பெரிய குழப்பத்தைக் கண்டு சொன்னது அவர்தான். 1908 நத்தார் நாளில் இங்கேயே இறந்தார். செவ்வாய்க் கோளில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். வானம் பார்க்க இவ்வளவு நல்ல ஊர் இது என்று எங்களுக்கே பலருக்குத் தெரியாது.

இந்தக் கட்டத்தில் வரைபடத்தைப் பையில் போட்டுவிட்டுக் குறுக்குத் தெருக்களுக்குள் நுழையுங்கள். ஓட்டு வீடுகள், முன் திண்ணை, மரக் கிராதி, நடுவில் மாடி வீடு, அடுத்து மறுபடி ஓடு. புனித மரியாள் பேராலயத்தின் வான நீல முகப்பு வீடுகளுக்கு நடுவே திடீரென்று வந்து நிற்கும். 1852ஆம் ஆண்டுக் கட்டடம். கொஞ்சம் வடக்கே திரும்பினால் பள்ளிவாசலின் பாங்கொலி, அடுத்த வளைவில் வில்லூன்றிக் கந்தசாமி கோயில் மணி. வழி கேட்டால் வீதிப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், பாதிப் பேருக்குப் பெயர்ப் பலகை தெரியாது. காளி கோயிலடி, சிவன் கோயிலடி, மடத்தடி, மணிக்கூட்டுக் கோபுரம் என்று கேளுங்கள். சரியாகக் கொண்டுபோய் விடுவார்கள், சிலர் கூடவே நடந்து வந்தும் விடுவார்கள்.

சிவன் கோயிலடியில் தமிழரசுக் கட்சியை நிறுவிய தந்தை செல்வாவின் சிலை இருக்கிறது. 1956 ஓகஸ்டில், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக வடக்குக் கிழக்கின் பல திக்கில் இருந்தும் மக்கள் கால்நடையாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். திருமலை யாத்திரை என்று பெயர். தமிழரசுக் கட்சி மாநாடு இங்கே நடந்தது. நடந்து வருகிறவர்கள் இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஐந்தேமுக்காலுக்கு உட்துறைமுக வீதிக்கு வந்துவிடுங்கள். இதை மட்டும் நேரம் பார்த்துச் செய்யுங்கள், மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். கிழக்கில் பார்த்த கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே அலை கிடையாது. மலைகள் சுற்றிவர, தண்ணீர் எண்ணெய் போலக் கிடக்கும். உலகிலேயே சிறந்த துறைமுகம் என்று நெல்சன் சொன்னதாகச் சொல்வார்கள்; அவர் சொன்னாரோ இல்லையோ, நாலு வல்லரசுகள் இதற்காக அடித்துக்கொண்டன, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன, பிரித்தானியக் கடற்படை நாடு சுதந்திரம் பெற்ற பின்னும் 1957வரை இதை விட்டுப் போகவில்லை. காலையில் மலையில் பார்த்த கோட்டையெல்லாம் இந்தத் தண்ணீரைக் காக்கக் கட்டியதுதான் என்பது இங்கே நின்றால்தான் விளங்கும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை மூதூர்க்காரருக்கு இந்தப் பக்க இறங்குதுறையில் படகேறுவதே வசதியான வழி. இரண்டாம் நாள் மாலையும் நடக்கத் தெம்பிருந்தால் உவர்மலைக்கு ஏறுங்கள். அரச அலுவலகங்களும் குடியிருப்பும் உள்ள அமைதியான மேடு, மரங்களுக்கிடையே துறைமுகம் துண்டு துண்டாகத் தெரியும். அம்மாவை இந்த ஏற்றத்துக்குக் கூட்டிப் போக வேண்டாம், உட்துறைமுகக் கரையில் உட்காரவிடுங்கள்.

நடையில் சேராதவை: துறைமுக வாயை மேலிருந்து காக்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது, அனுமதி இல்லாமல் போக முடியாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும், இராசராசப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்லும் வெல்கம் விகாரையும், நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானமும் ஊருக்கு வெளியே. இரண்டாம் நாள் காலையை இவற்றில் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். என்னைக் கேட்டால் வெல்கம் விகாரை. பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் கொடை கொடுத்த கல்வெட்டை நேரில் பார்ப்பது, இந்த நாட்டில் பிறந்த யாருக்கும் ஒரு பாடம்.

இனி சில்லறை விஷயங்கள். சித்திரை முதல் புரட்டாதிவரை கிழக்குக் கடல் அமைதி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும். வறண்ட அனல், உதடு வெடிக்கும், அப்போது காலை நடையைக் கட்டாயம் எட்டு மணிக்குள் முடியுங்கள். கார்த்திகை, மார்கழியில் மழை. குடை வேலை செய்யாது, கடற்காற்று மடக்கிவிடும், மழைக்கோட்டுத்தான். கழற்றிப் போட வசதியான செருப்பு போதும், சப்பாத்து ஒவ்வொரு கோயில் வாசலிலும் தொந்தரவு. தோளும் முழங்காலும் மூடும் உடுப்பு. தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று; நகரத்தில் இளநீர் தாராளம். கழிவறை வசதி கோட்டைக்குள் நம்பக் கூடாது, அம்மாவோடு வருவதால் கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை வருகிறீர்கள் என்றால் ஒரு மாற்றம். அன்று காலை மலையில் கூட்டமும் வாகனமும் அதிகம், வாசலில் நின்று கல்லைப் பார்க்க விடாமல் ஹோன் அடிப்பார்கள். அன்றைக்கு நகர நடையை முதலில் வைத்து, கோட்டையைச் சனிக்கிழமை விடியலுக்குத் தள்ளுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு இருக்கையை முதல் நாளே பதிந்துவிடுங்கள். வார இறுதியில் கொழும்புக்கு நின்றுகொண்டு போவது அம்மாவின் மூட்டுக்கு ஆகாது.